நாற்பத்தொரு பேருக்கு ஒரே போன்

ஜன்னலக்காவை முழுசாகப் பார்த்தவர்கள் அந்த வட்டாரத்தில் ரொம்பக் குறைவு. மருத்துவ நிலையத்தில் மருந்து கொடுக்கிற ஜன்னல், இரண்டு கைகளைச் சேர்த்து நீட்டினாலே அடைத்துக்கொள்ளும். பத்தொன்பது வருஷமாக அந்த ஓட்டைக்குள் அவள் குனியும்போது சனங்கள் கண்டது ஒரு மூக்கு, ஒரு மூக்குக்கண்ணாடி, பத்து விரல், அவ்வளவுதான். கடைத்தெருவில் முழு உடம்போடு எதிரே வந்தால் ஒருத்தருக்கும் அவளை அடையாளம் தெரியாது. வெங்காயம் பொறுக்கக் கொஞ்சம் குனிந்தாளோ போச்சு, "அட, நம்ம ஜன்னலக்கா!" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். சூழ்ந்ததும் ஆளுக்கொரு வியாதியை அவள் பையில் போடுவார்கள். வெங்காயம் அரைக் கிலோ, வியாதி ஐந்து கிலோ என்று வீடு வந்து சேருவாள்.

அவளுக்கும் சனங்களின் பேர் தெரியாது. மாத்திரை தெரியும். வரிசையில் வருகிறவரின் கையைப் பார்த்தாலே இவருக்குச் சர்க்கரைக்கு இரண்டு, கொழுப்புக்கு ஒன்று என்று வாய் தானாகச் சொல்லும். கொடுத்ததைத் திருப்பிச் சொல்லாமல் யாரும் ஜன்னலை விட்டு நகர முடியாது.

"காலையில எத்தனை?"

"ஒண்ணு."

"ராத்திரி?"

"ஒண்ணு."

"மத்தியானம்?"

"ரெண்டுக்கா."

"மத்தியானத்துக்கு நான் குடுக்கவே இல்லையே! எங்கேருந்து எடுத்துப் போடுறீங்க? வீட்டுல மாத்திரைச் செடி வெச்சிருக்கீங்களா?"

வரிசை சிரிக்கும். அந்த ஆள் வெட்கப்பட்டு இன்னொரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தப்பு மாத்திரை அந்த ஓட்டை வழியாக வெளியே போனதில்லை. அக்காவுக்கு அதில் தலைக்கனம் உண்டு. கனம் என்றால் லேசுப்பட்ட கனமில்லை, இறக்கி வைத்தால் தரை விரிசல் விடும்.

அப்படிப்பட்ட அக்காவின் தலையில்தான் அந்த ஆப் வந்து விழுந்தது.

கொண்டுவந்தவர் ஓர் அதிகாரி. மூச்சுக்கு ஒரு தரம் "மேலிடத்துல கேக்குறாங்க" என்பதால் அவருக்கு மேலிடம் என்றே பேர். ஒரு குடும்பமே ஒரு போனைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிற சுவரொட்டியை ஒட்டிவிட்டு அவர் விளக்கினார்.

"இது புது முறை மேடம். இனிமே நோயாளி வெறுமனே வாயைப் பொத்திக்கிட்டு நிக்க வேண்டாம். அவங்க ரிப்போர்ட்டை அவங்களே பாப்பாங்க, என்ன மருந்து, எதுக்கு மருந்துன்னு அவங்களே தெரிஞ்சுக்குவாங்க. லேபு, டாக்டரு, மருந்துக் கடை எல்லாம் அவங்க கையில."

அக்காவுக்கு இது உண்மையிலேயே பிடித்துவிட்டது. இந்த மாத்திரை எதுக்கு என்று கேட்டால் "குடுத்ததைச் சாப்பிடு" என்று வாங்கிக் கட்டிக்கொண்ட எத்தனையோ பேரை அவள் அந்த ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"நல்ல விஷயம்தான் சார். யார் பாத்துக்கறது?"

"நீங்கதான்."

"நான் எதுக்கு?"

"லேபிள் பிரிண்டர்ல காகிதம் மாட்டினப்போ ஹேர்பின்னால எடுத்து விட்டது நீங்கதானே? உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் வரும்."

ஹேர்பின்னை எடுத்த பாவத்துக்கு நானூறு பேரைச் சேர்க்கும் வேலை வந்தது. மாசக் கடைசிக்குள். அக்கா மூச்சு விடாமல் முந்நூற்று ஐம்பத்தொன்பது பேரைச் சேர்த்தாள். மீதி நாற்பத்தொரு பேர், "எனக்குப் போன் கிடையாதுங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். ஆப்போ போன் நம்பர் இல்லாமல் ஓர் அடி நகராது. பத்துத் தடவை பூஜ்யம் போட்டுப் பார்த்தாள். காறித் துப்பியது.

"உங்க நம்பரையே போட்டுடுங்க மேடம். தற்காலிகம்தான்," என்றார் மேலிடம்.

அந்த நிலையத்தில் தற்காலிகமாகப் போட்ட பெஞ்சு ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்த பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அதே பெஞ்சில் உட்காருகிறார்கள். அது அக்காவுக்கும் தெரியும். இருந்தாலும் பாவம், போன் இல்லை என்பதற்காக நாற்பத்தொரு பேரும் வெளியே நிற்பதா, ரிப்போர்ட் வந்தால் நாமே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமே என்று நினைத்தாள். வரிசையாக நாற்பத்தொரு தரம் தன் நம்பரை அடித்தாள். ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆப்புக்கு ஒரே ஒரு கொள்கைதான்: ஒரு நம்பர் என்றால் ஓர் ஆள். நாற்பத்தொரு பேரையும் பிசைந்து ஒரே உருண்டையாக உருட்டி, அதற்கு ஜன்னலக்காவின் பேரை வைத்துவிட்டது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் போன் அலற ஆரம்பித்தது. தைராய்டு மாத்திரைக்கு நேரமாச்சு. இன்சுலின் போட்டாச்சா? தண்ணீர் குடித்தீர்களா? அக்காவின் புருஷன் வெல்டர். வீட்டு வாசலில் கொட்டகை போட்டு நாள் முழுக்க இரும்போடு சத்தம் போடுகிறவர், அவரே காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னடி இது, கடிகாரக் கடையில திருடன் புகுந்த மாதிரி?"

"ஆப்புங்க."

சாப்பிட உட்கார்ந்தபோது போன் திரும்ப டிங்கென்றது. வெல்டர் எடுத்துச் சத்தமாகப் படித்தார். "இன்று மலம் கழித்தீர்களா? ஆம், இல்லை." பிறகு பொறுப்பாகத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பதில் சொல்லு. மரியாதையாத்தானே கேக்குது?" என்றார்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க."

"இரு, இன்னொண்ணு வருது. வாழ்த்துகள், உங்கள் கர்ப்பம் இருபத்தெட்டாவது வாரத்தை எட்டியிருக்கிறது. ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"அந்தப் போனைக் குடுங்க!"

"இதோ இன்னொண்ணு. உங்கள் புராஸ்டேட் சுரப்பியைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள். இது ஆம்பளைக்குத்தானே இருக்கும்? இருபது வருஷமா நான் யார்கூடக் குடும்பம் நடத்தறேன்?"

அக்கா அவரிடமிருந்து பிடுங்கிப் பார்த்தாள். கடைசியில் சிவப்பில் ஒன்று வந்திருந்தது: நீங்கள் ஒரே நேரத்தில் பதினான்கு விதமான இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள், இது ஆபத்து. பதினாலையும் ஒருத்தர் சாப்பிட்டால், எச்சரிக்க அந்த ஆளே மிஞ்ச மாட்டாரே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. மேலிடத்தைக் கூப்பிட்டுக் கத்தினாள். புகார் எண் போட்டிருக்கிறேன் என்றார். மூன்று வாரத்தில் அவளிடம் பதினாறு புகார் எண்கள் சேர்ந்தன. ஒரு நாளைக்கு இருநூறு டிங். தலை விண்விண்ணென்று தெறித்தது. வேறு வழியில்லாமல், வேலை நேரத்தில் போனின் வாயை அடைத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட ஆரம்பித்தாள்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் போட்டிருந்தாள். பதினொன்றே காலுக்குப் பேனா தேடி இழுப்பறையைத் திறந்தபோது திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"உங்கள் இரத்தத்தில் பொட்டாசியம் 6.9. மிக அபாயம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்." வந்த நேரம் ஒன்பது நாற்பது.

அக்கா எண்ணை இன்னொரு தரம் படித்தாள். ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டியது ஏழைத் தொடுகிறது. அந்த அளவில் நெஞ்சு எந்த நிமிஷமும் தாளம் தப்பும், நின்றும் போகும். ஆளுக்கு வலிகூட இருக்காது. ஒன்றரை மணி நேரம் அந்தச் செய்தி இழுப்பறைக்குள் பேனாவோடு பேனாவாகக் கிடந்திருக்கிறது.

யாருடைய ரத்தம் இது?

லேபுக்குப் போன் போட்டாள்.

"உங்க பேர்தான்க்கா வருது," என்றார் லேப்காரர். "நம்பரை வெச்சுத்தான் குழாய்க்கு ஸ்டிக்கர் அடிக்குது. நேத்து நீங்க மட்டும் ஒம்பது தடவை ரத்தம் குடுத்திருக்கீங்க. இத்தனை ரத்தம் குடுத்தும் எப்படிக்கா நடமாடுறீங்க?"

"விளையாடாதீங்க! ஒம்பதுல பொட்டாசியம், சோடியம்னு உப்புச் சத்து பாக்கச் சொல்லி வந்தது எத்தனை?"

"நாலு. நாலுலயும் உங்க பேரு. கொண்டுவந்த சீட்டைச் சாயங்காலமே கிழிச்சுப் போட்டாச்சு."

அடுத்து மேலிடம்.

"யாரோட ரிப்போர்ட்னு பாத்துச் சொல்லுங்க சார், உயிர் போற விஷயம்."

"ஆப்ல பாருங்க மேடம்."

"ஆப்ல என் பேரு இருக்கு."

"அப்ப உங்களோடதுதான்."

"நான் ரத்தமே குடுக்கல சார்!"

"குடுக்காம எப்படி ரிப்போர்ட் வரும்? சரி, புகார் எண் போடுறேன். நாப்பத்தெட்டு மணி நேரத்துல பதில் வந்துடும்."

"நாப்பத்தெட்டு மணி நேரம் காத்திருக்கணும்னு அந்தப் பொட்டாசியத்துக்கு யார் சார் போய்ச் சொல்றது?"

போனை வைத்துவிட்டு ஜன்னல் கதவை அறைந்து சாத்தினாள். பத்தொன்பது வருஷத்தில் அதை ஒரு மணிக்கு முன்னால் சாத்தியதே இல்லை. வரிசை குய்யோ முறையோ என்று கத்தியது. அக்கா நேராக டாக்டரம்மாவின் அறைக்குள் போய் மூச்சு வாங்க நின்றாள்.

"என் நம்பரை நாப்பத்தோரு பேருக்குப் போட்டது நான்தாங்க. அதுல நேத்து உப்புச் சத்து பாக்க ரத்தம் குடுத்த நாலு பேர்ல ஒருத்தர் உயிருக்கு ஆபத்து. யார்னு தெரியல."

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். "உங்களைத் திட்டறதுக்கு அப்புறமா நேரம் ஒதுக்கறேன். உப்புச் சத்து பாக்கச் சொன்ன அந்த நாலு பேர் யாரு?"

இந்த இடத்தில் ஆப்புக்குத் தெரியாதது அக்காவின் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாசத்துக்கு ஒரு தரம் உப்புச் சத்து பார்க்க வேண்டிய மாத்திரைகளை அவள்தான் எண்ணிக் கொடுக்கிறாள். போன் இல்லாதவர்களில் அதைச் சாப்பிடுகிறவர்கள் நாலே பேர். நிலையத்தைக் கூட்டுகிற அம்மா, வாசலில் சாவி செய்கிறவர், துணிக்கடை வாட்ச்மேன், லிஃப்ட்காரர்.

கூட்டுகிற அம்மா தாழ்வாரத்திலேயே இருந்தார். சாவிக்காரரை அரத்தோடு அள்ளிக்கொண்டு வந்தார்கள். வாட்ச்மேன் அன்றைக்கு வரிசையிலேயே நின்று ஜன்னலைச் சாத்தியதற்காக எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார். அவரையும் உள்ளே தள்ளினார்கள். மூன்று பேருக்கும் நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தாயிற்று. மூன்றும் கோடு போட்ட நோட்டு மாதிரி ஒழுங்காக வந்தன.

"அப்ப லிஃப்ட்காரர்தான்," என்றார் டாக்டரம்மா. "ஓடுங்க. ஆம்புலன்ஸை வரச் சொல்லுங்க."

ஆப்பிலேயே ஆம்புலன்ஸுக்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அக்கா ஓடிக்கொண்டே அதை அமுக்கினாள்.

லிஃப்ட்காரர் முப்பது வருஷம் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினவர். ஏறி இறங்கியே காலத்தைக் கழித்தவருக்கு ஓய்வு பெற்றதும் கிடைத்த வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். அந்தப் படிகள் ஒவ்வொன்றும் ஆள் உயரம் இருக்கும் என்று அக்கா பிறகு சத்தியம் செய்தாள். இரண்டாவது மாடியில் முட்டி இரண்டும் கழன்று கையோடு வரப்போகிற நேரத்தில் வெல்டர் போனில் வந்தார்.

"ஏண்டி, வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது. உன்னை ஏத்தணுங்கறாங்க. உனக்கு என்ன ஆச்சு?"

"ஐயோ, அந்த ஆப்பு நம்ம வீட்டு விலாசத்தைக் குடுத்திருக்கு! எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அது நான் இல்ல."

"உன் பேரைத்தான் சொல்றாங்க. நெஞ்சு நின்னுடுங்கறாங்க."

"பேரு என்னுது. ஆளு வேற."

"ஒரே பேர்ல எத்தனை ஆளுடி நீ?"

"நாப்பத்தொண்ணு! நல்லாத்தான் இருக்கேன், நம்புங்க. நீங்களும் அந்த வண்டியில ஏறி, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல மஞ்சக் கட்டடம் இருக்கு பாருங்க, அங்க கூட்டிட்டு வாங்க. வேகமா!"

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வரேன்," என்று வைத்தார்.

நாலாவது மாடியில் மருமகள் கதவைத் திறந்தாள். லிஃப்ட்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். காலையிலிருந்து கால் இரண்டும் பஞ்சாகக் கிடக்கிறது என்று அவரே சொன்னார், வேறு யாருடைய காலையோ பற்றிச் சொல்வது போல.

"ஐயா, உங்க ரத்தத்துல பொட்டாசியம் கண்டபடி ஏறிக் கெடக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"யார் சொன்னா?"

"ரிப்போர்ட் வந்திருக்கு."

"காட்டு."

அக்கா போனை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத்துக்கு எழுத்து இடறி இடறிப் படித்தார். அதற்குள் ஒரு கட்டடம் கட்டி முடித்து வெள்ளையும் அடித்திருக்கலாம்.

"இது உன் பேராட்டம் இருக்கு?"

"ஆமா."

"பொம்பளைன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"வயசு நாப்பத்துநாலு."

"ஆமாய்யா, ஆமா!"

"அப்ப நீதானம்மா போய்ப் படுக்கணும்? நாலு மாடி ஏறி வந்து என்னை எதுக்குக் கூப்புடறே? தனியாப் போகப் பயமா இருக்கா?"

அக்காவுக்கு அந்த நிமிஷம் தன் பொட்டாசியமே ஏழைத் தாண்டிவிட்ட மாதிரி இருந்தது. கத்த வாயைத் திறந்தாள். இந்த ஆளிடம் கத்தினால் நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார் என்று தெரிந்தது. தரையில் உட்கார்ந்து, ஜன்னல் ஓட்டைக்குள் தெரிகிற அளவுக்கு முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரத்தம் உங்களோடதுதான்யா. உங்களுக்குப் போன் இல்லைன்னு என் நம்பரை நான்தான் போட்டேன். அது எல்லாரையும் என் பேர்ல சேத்துடுச்சு. தப்பு என்னுது. காலையில ஒம்பது நாப்பதுக்கே வந்த சேதி, பதினொண்ணே காலுக்குத்தான் பாத்தேன். அதுவும் என் தப்பு."

"என்னைக் கேக்காமயா போட்டே?"

"கேக்கல."

லிஃப்ட்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினேன். நீங்க எத்தனாவது மாடின்னு கேக்காம ஒரு பட்டனை அமுக்கினது இல்ல."

ஜன்னலுக்குள் உட்கார்ந்து ஊரையே திருப்பிச் சொல்ல வைத்தவள், அவர் சொன்னதைத் தனக்குள் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"தப்புதாங்க," என்றாள் கடைசியில். "நல்லாத் திட்டுங்க. ஆனா திட்டறதுக்கு நீங்க இருக்கணும். வாங்கய்யா."

அவர் மருமகளைப் பார்த்தார். பிறகு நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். எழுந்தது பாதிதான், கால் மடங்கித் திரும்ப விழுந்தார். அப்போதுதான் அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

வண்டி வருகிற வரைக்கும் அக்கா மருமகளைக் குடைந்தாள். "இவருக்குப் புதுசா ஏதாவது குடுக்கறியாம்மா? கஷாயம், டானிக், எதாவது?"

"ஒண்ணும் இல்லக்கா. உப்புதான் மாத்தினேன். பிரஷர் இருக்கறவங்களுக்கு நல்லதுன்னு போன்ல போட்டிருந்துச்சு." மருமகள் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை அக்கா படித்தாள். பாதிக்கு மேல் பொட்டாசியம்.

"நல்ல உப்புதாம்மா, மத்தவங்களுக்கு. இவர் சாப்பிடற நீர் மாத்திரை ஏற்கெனவே இதை வெளிய விடாம உள்ள பூட்டி வெக்கும். மேல மேல நீ வேற அள்ளிப் போட்டிருக்கே." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இரு. போன்ல போட்டிருந்துச்சா? யார் போன்ல?"

"என் போன்லதான்க்கா."

"இந்த வீட்டுல போன் இருக்கா?"

"இருக்கே. நான் இருக்கேன், அவரு இருக்காரு, ஆளுக்கொண்ணு இருக்கு. மாமாவுக்குத்தான் கிடையாது."

அக்காவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தப் பாழாய்ப்போன கட்டத்தில் இந்தப் பெண்ணின் நம்பரை அடித்திருந்தால் ஒன்பது நாற்பத்தொன்றுக்கே விஷயம் முடிந்திருக்கும். போன் கிடையாது என்று அவர் சொன்னது தன் சட்டைப்பையைப் பற்றி. வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவள் கேட்கவில்லை.

படியில் தடதடவென்று சத்தம். முதலில் வந்தது வெல்டர், கையில் வெல்டிங் கையுறை, நெற்றியில் தூக்கிவிட்ட முகமூடி. உள்ளே வந்ததும் பெண்டாட்டியை உச்சி முதல் பாதம் வரை ஒரு தரம் பார்த்தார்.

"நெசமாவே ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க. அவரைத் தூக்குங்க."

ஆம்புலன்ஸ்காரர் இரண்டு பேர், வெல்டர், எதிர்வீட்டு ஆள் என்று நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். படி திருப்பத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. எடுத்தார்கள். மறுபடி மாட்டிக்கொண்டது. லிஃப்ட்காரர் மேலே உட்கார்ந்தபடி மெல்லிய குரலில், "மூணாவது மாடி. சுவத்துல கை வைக்காதீங்க. நசுங்கிடும்," என்றார். வெல்டருக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவப் பார்த்தது.

"சிரிக்காதீங்க!" என்று பின்னாலிருந்து சீறினாள் அக்கா.

பெரிய ஆஸ்பத்திரியில் கதை இன்னொரு தரம் முதலிலிருந்து ஆரம்பித்தது. பதிவு மேஜையில் இருந்த பெண் தலையைத் தூக்காமல் கேட்டாள்: "போன் நம்பர்?" மருமகள் தெரியாமல் தன் நம்பரைச் சொல்ல, அது இல்லை என்று வர, நிலையத்தின் அட்டை எண்ணைத் தட்ட, திரையில் வந்து நின்றாள் ஜன்னலக்கா. பெண், நாற்பத்துநாலு, இருபத்தெட்டு வாரக் கர்ப்பம்.

"இவங்க மேட்டர்னிட்டி வார்டு," என்றாள் மேஜைப் பெண்.

நாற்காலியில் நரைத்த மீசையோடு உட்கார்ந்திருந்தவரை அக்கா கையால் காட்டினாள். "அம்மா தாயே! நம்பரைப் பாக்காதே, ஆளைப் பாரு! எந்தக் கோணத்துல பாத்தா இவர் கர்ப்பமா இருக்கார்?"

உள்ளே இருந்த டாக்டர் அந்தக் கூச்சலுக்கு வெளியே வந்தார். திரையில் மருந்துப் பட்டியலைத் தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார். நூற்றுப் பன்னிரண்டு மருந்து.

"இதெல்லாமா சாப்பிடறார்?"

"இல்ல டாக்டர். நாலே நாலு." அக்கா மருந்துக் கவர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பின்பக்கம் எழுதினாள். நாலு மருந்தின் பேர், நாலு அளவு, எத்தனை வேளை, எத்தனை வருஷமாக. ஓர் எழுத்துக்கூட யோசிக்கவில்லை. கடைசியில் உப்பையும் எழுதினாள். டாக்டர் அதை வாங்கிக்கொண்டு திரையை அணைத்துவிட்டார்.

ஈசிஜியில் கோடு கூடாரம் கூடாரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஊசி போட்டார்கள், சொட்டு மருந்து ஏற்றினார்கள். மூன்று மணி நேரத்தில் கூடாரங்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. டாக்டர் வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் வீட்டுலயே விட்டிருந்தா சொல்ல முடியாது. நேத்துக் குடுத்த ரத்தத்துக்கு இன்னைக்குக் காலையிலேயே சேதி வந்ததால ஆள் தப்பிச்சார். அந்தக் காலம் மாதிரி காகிதத்துல வரட்டும்னு இருந்திருந்தா மூணு நாள் ஆகியிருக்கும்."

அக்காவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. மூன்று வாரமாக எதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாளோ, அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. சரியான சேதியை, சரியான நேரத்தில், அவள் கொடுத்த தப்பான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. நிம்மதியாகத் திட்டக்கூட இனி வழியில்லை.

மறுநாள் மேலிடம் ஒரு தாளோடு வந்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க மேடம். தொழில்நுட்பக் கோளாறுன்னு நானே எழுதிட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"கோளாறு இல்லையே சார். நீங்க சொன்னீங்க, நான் போட்டேன்."

"அப்படி எழுதினா ரெண்டு பேருக்கும் கேள்வி வரும்."

"வரட்டும். நான் போட்டதை நான் எழுதறேன். நீங்க சொன்னதை நீங்க எழுதுங்க."

"நாப்பத்தொண்ணையும் எடுத்துட்டா நானூறு ஆகாதே மேடம். மேலிடத்துல கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். நேத்து ஒருத்தர் என்னைக் கேட்டார் பாருங்க, அதைவிடவா பெருசாக் கேட்டுடப் போறாங்க?"

மேலிடம் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அக்கா தன் கையால் எழுதினாள். பதில் ஒரு வாரத்தில் வந்தது, கண்டனக் கடிதம். அவள் தலையில் இருந்த அந்தக் கனத்தில் பாதி அன்றைக்கு இறங்கியது. தரை விரிசல் விட்டதா என்று தெரியவில்லை.

அதற்குள் அவள் ஜன்னலை விட்டு வெளியே வந்து, வரிசையில் நிற்கிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்திருந்தாள். உங்க வீட்டுல யார் கையில போன் இருக்கு? உங்க ரிப்போர்ட்டை அவங்க பாத்தா உங்களுக்குச் சம்மதமா? முப்பத்திரண்டு பேருக்கு வீட்டிலேயே போன் இருந்தது. அதில் ஐந்து பேர், மருமகன் பார்க்கக் கூடாது, தம்பி பார்க்கக் கூடாது, அடுத்த தெரு அக்கா நம்பரைப் போடு என்றார்கள். எதுவும் வேண்டாம், நானே வந்து வாங்கிக்கிறேன் என்றவர்களுக்கு ஒரு தனி நோட்டு வைத்தாள். முழு ஆளாக வெளியே நின்ற அவளைப் பார்த்து வரிசையில் பாதிப் பேர், "யாரும்மா நீ?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் குனிந்து காட்ட வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டு, நாற்பத்தொரு பேரையும் தன் நம்பரிலிருந்து விடுவிக்க உட்கார்ந்தாள். ஆப் சும்மா விடுமா? ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு ரகசிய எண் அனுப்பியது. அதைப் போட்டால், நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக என்றால், இன்னொரு தரம் யோசியுங்கள் என்றது. ஆறு ஆள் போவதற்குள் விரல் மரத்துப்போனது.

பதினேழாவது ஆள் லிஃப்ட்காரர். அவர் ஐந்தாம் நாள் வீடு திரும்பியிருந்தார். மருமகள் நம்பருக்கு மாற்றச் சம்மதம் சொல்லியிருந்தார், உப்புப் பாக்கெட்டை அவளைக்கொண்டே தூக்கிப் போட வைத்த பிறகு. ரகசிய எண்ணை அடித்தாள். ஆப் கேட்டது: இவரை நீக்குவதற்கான காரணம்?

கீழே நாலு வட்டங்கள். மரணம். வெளியூர் சென்றுவிட்டார். விருப்பமில்லை. மற்றவை.

அக்காவின் கண் முதல் வட்டத்திலேயே ஒட்டிக்கொண்டது. பிறகு நாலாவதைத் தொட்டாள். ஒரு காலிக் கட்டம் திறந்து, குறைந்தது பத்து எழுத்தாவது எழுதவும் என்று மிரட்டியது.

"எல்லாத்துக்கும் இதுக்கு ஒரு வியாக்கியானம் வேணும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதினாள்: "ஆள் உயிரோடு இருக்கிறார். நம்பர்தான் என்னுடையது."

அனுப்பிவிட்டுப் பதினெட்டாவது ஆளைத் திறந்தாள்.